எங்கே நிற்பது, எந்த லென்ஸ்?

(திருமணப் புகைப்படத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



தொழிலுக்கு வரும் தம்பி, தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணே, கல்யாணத்துக்கு எந்தெந்த லென்ஸ் எடுத்துட்டுப் போகணும்?" நான் உடனே, "எந்த மண்டபம்? மணவறைக்கு முன்னால எத்தனை அடி இடம் இருக்கு? முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். லென்ஸின் பெயரை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் கேட்காமல் விடுவதில்லை. அந்த வீட்டுக் கல்யாணத்தில் நாம் எங்கே நிற்கப் போகிறோம், யாருக்குப் பக்கத்தில், யாரை மறைக்காமல் நிற்கப் போகிறோம் என்பது முடிவாகிவிட்டால் லென்ஸ் தானாக முடிவாகிவிடும். அது முடிவாகாவிட்டால், பையில் ஆறு லென்ஸ் இருந்தாலும் கெட்டிமேளம் கொட்டும்போது கையில் இருப்பது வேண்டாத லென்ஸாகத்தான் இருக்கும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரம் முழுக்க இதற்கான விளக்கம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். நீங்கள் நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் எத்தனை அடி அகலம் படத்துக்குள் வரும் என்பது கிடைத்துவிடும். 35 லென்ஸுக்குக் கணக்கே வேண்டாம்; ஆறடி தள்ளி நின்றால் ஆறடி அகலம், பத்தடி தள்ளி நின்றால் பத்தடி அகலம். 24 லென்ஸில் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு வரும். 50இல் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 85இல் பாதிகூட வராது. பத்தடியில் நாலேகால் அடிதான். 200ஐ மாட்டிக்கொண்டு முப்பதடி தள்ளி நின்றால் ஐந்தரை அடிக்கும் குறைவாகத்தான் உள்ளே வரும். க்ராப் பாடி வைத்திருப்பவர்கள் 36க்குப் பதிலாக 24 போட்டுப் பெருக்குங்கள், கேனன் என்றால் 22. ஃபுல் ஃப்ரேமில் 35 செய்யும் வேலையைக் க்ராப்பில் 24 செய்வது இதனால்தான்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு முன்தினம் மாலையே மண்டபத்துக்குப் போங்கள். பூ அலங்காரக்காரர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், மணவறையின் விளிம்பிலிருந்து மேடையின் நுனி வரை காலடியால் அளந்து பாருங்கள். பெரும்பாலான மண்டபங்களில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் இருக்காது. பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் முழு உருவப் படத்துக்குத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு ஏழடி உயரம் வேண்டும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 35 லென்ஸுக்கு ஏழடி தூரம் போதும். 85க்குப் பதினாறரை அடி வேண்டும். அதாவது, அந்த மேடையில் 85ஐ வைத்துக்கொண்டு முழு உருவம் எடுக்கவே முடியாது. கீழே இறங்கியாக வேண்டும். இதை முதல் நாளே தெரிந்துகொண்டவர் முகூர்த்த நேரத்தில் பின்னால் நகர்ந்து நகர்ந்து மேடை நுனியில் தடுமாற மாட்டார்.

ஒரே லென்ஸை வைத்துக் கல்யாணம் முழுவதையும் எடுத்த தலைமுறை ஒன்று நமக்கு முன்னால் இருந்தது. யாஷிகா மேட் 124ஜி கேமராவை ஊர் ஸ்டூடியோக்களின் கண்ணாடி அலமாரியில் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு லென்ஸ் பார்ப்பதற்கு, கீழே ஒரு லென்ஸ் எடுப்பதற்கு. எடுக்கும் லென்ஸ் 80 மி.மீ., எஃப்/3.5. ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுர பிலிமில் அதன் பார்வை இன்றைய 50 லென்ஸை ஒட்டி இருக்கும். கழற்றி மாற்ற முடியாது. 120 ரோல் ஒன்றில் 12 படங்கள்தான். உங்கள் அம்மா அப்பா கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாப் படமும் எட்டிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் நின்று எடுத்ததாக இருக்கும். முகங்கள் இயல்பாக இருக்கும். யாருடைய மூக்கும் பெரிதாகியிருக்காது, யாருடைய தோளும் இழுபட்டிருக்காது. லென்ஸை மாற்ற வழியில்லாததால் அவர்கள் இடத்தை மாற்றினார்கள். எந்தச் சடங்குக்கு எங்கே நிற்பது என்பதைத் தூக்கத்திலும் சொல்வார்கள்.

அந்தக் கேமராவில் இன்னொரு விஷயமும் இருந்தது. அதை வயிற்றுக்கு முன்னால் பிடித்து, குனிந்து மேலிருந்து கண்ணாடியைப் பார்த்து எடுக்க வேண்டும். அதனால் லென்ஸ் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம் ஏறக்குறைய இரண்டரை அடியில் இருக்கிறது. இன்று நாம் கேமராவைக் கண்ணில் வைத்து ஐந்தடி உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுக்கிறோம். பெண்ணின் வகிடும் நெற்றிச்சுட்டியும் தெரிகின்றன, கண் தெரிவதில்லை. மாப்பிள்ளையின் தலைப்பாகைதான் தெரிகிறது. எந்த விலை உயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. மேடையில் ஏறியதும் உட்கார்ந்துவிடுங்கள். வேட்டியோ பேண்டோ அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முகூர்த்த நேரத்தில் கேமரா இருக்க வேண்டிய உயரம் மணையின் உயரத்தோடு சேர்ந்தது.

இப்போது மாங்கல்ய தாரணத்துக்கு வருகிறேன். நாள் முழுக்க நாம் எடுக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் திரும்ப நடத்திக் காட்டச் சொல்ல முடியாதது இதுதான். லென்ஸ் தேர்வு என்று நான் பேசுவதில் பாதி இந்தச் சில வினாடிகளுக்காகத்தான்.

என்ன நடக்கிறது என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். தட்டில் வைத்த தாலியை எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்து முடிந்து மேடைக்கு வந்துவிட்டது. புரோகிதர் கையைத் தூக்கி, "கெட்டிமேளம்" என்கிறார். தவில் ஓங்குகிறது. மாப்பிள்ளை திரும்பிக் குனிகிறார். சில வீடுகளில் பெண் தகப்பனார் மடியில் இருப்பாள், பல வீடுகளில் மாப்பிள்ளை பக்கத்திலேயே மணையில் இருப்பாள். தலை குனிந்திருக்கும். பின்னால் யாரோ சடையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். மாலை வேறு கழுத்தை மறைக்கிறது. முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற முடிச்சுகளைப் போட நாத்தனார் பின்னால் வந்து நிற்கிறாள். அதே நொடியில் மண்டபம் முழுவதும் எழுந்து அட்சதை தூவுகிறது. இன்று அட்சதை ஒரு கையில் என்றால் மறு கையில் போன் இருக்கிறது.

இந்த இடத்தில் முப்பதடி தள்ளி 70-200ஐ வைத்துக்கொண்டு காத்திருப்பவரின் நிலையை யோசியுங்கள். ஒரே ஒரு சித்தப்பா போனைத் தூக்கிப் பிடித்தால் போதும், முகூர்த்தம் போய்விட்டது. 16 மி.மீ. வைடு லென்ஸோடு மூன்றடியில் போய் நிற்பவருக்குப் படம் கிடைக்கும். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகள் பார்ப்பது அவருடைய முதுகை. பெண்ணைப் பெற்று வளர்த்தவர்கள் நேரில் பார்க்க வேண்டிய காட்சியைப் படத்துக்காக நாம் பறிக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

என் இடம் இது. நேர் நடுவில் நிற்பதில்லை. மாப்பிள்ளை எந்தப் பக்கம் குனியப் போகிறாரோ அதற்கு எதிர்ப்பக்க மூலையில், மணையிலிருந்து ஆறு அல்லது ஏழடி தள்ளி, கெட்டிமேளத்துக்குக் கால் மணி நேரம் முன்பே தரையில் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்திருப்பதால் கீழே இருப்பவர்களை மறைப்பதில்லை. வீடியோகிராபரும் என் தலைக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். ஆறடி இடைவெளிக்குள் யாரும் சட்டென்று நுழையவும் முடியாது. அங்கிருந்து பெண், மாப்பிள்ளை, பின்னால் நாத்தனார், பக்கத்தில் பெற்றவர்கள் என்று ஏறக்குறைய ஏழடி அகலம் எனக்கு வேண்டும். ஏழடியில் ஏழடி தருவது 35. அதனால் முகூர்த்தத்தின் லென்ஸ் 35. ப்ரைமாக இருந்தாலும் சரி, 24-70 ஜூமை அந்த இடத்தில் வைத்தாலும் சரி.

அபெர்ச்சரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 85 எஃப்/1.4 வாங்கியவர்களுக்கு அதை முழுதாகத் திறந்து எடுக்க ஆசை இருக்கும். ஆறடி தூரத்தில் 85ஐ 1.4இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் நாலு சென்டிமீட்டர். மாப்பிள்ளையின் விரல்களுக்கும் பெண்ணின் கண்ணுக்கும் இடையில் ஒரு சாண் இருக்கிறது. முடிச்சு தெளிவாக விழுந்தால் முகம் மங்கும், முகம் விழுந்தால் முடிச்சு மங்கும். அதே ஆறடியில் 35 லென்ஸை 2.8இல் வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம் கிடைக்கும். கையும் முகமும் நாத்தனாரின் விரல்களும் அதற்குள் அடங்கிவிடும். மேடையில் வீடியோ விளக்கும் இருக்கும் என்பதால், ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, 250இல் ஒரு பங்கு வினாடி என்பது பெரும்பாலான மண்டபங்களுக்குச் சரிவரும். அட்சதை காற்றில் புள்ளி புள்ளியாக நிற்க வேண்டுமானால் 500இல் ஒரு பங்கு வரை போகலாம்.

இரண்டாவது கேமராவில் 85. முதல் முடிச்சு விழுந்ததும் 35ஐக் கீழே இறக்கி 85ஐ எடுங்கள். நாத்தனார் மற்ற முடிச்சுகளைப் போடும் நேரத்தில் உங்களுக்கு ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கிறது. அதைப் பெண்ணின் அம்மா முகத்துக்குக் கொடுங்கள். அவர் பெரும்பாலும் மணவறையின் ஓரத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நிற்பார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார், அல்லது துடைக்காமல் சிரிப்பார். எட்டடி, பத்தடியிலிருந்து அந்த முகத்தை அவர் அறியாமல் எடுத்துக் கொடுப்பது 85தான். உதவிக்கு இன்னொரு போட்டோகிராபர் இருந்தால் அவரை 70-200ஓடு மேடைக்குக் கீழே ஒரு பக்கத்தில் நிறுத்துங்கள். மேடை மூன்று நாலடி உயரம் என்பதால் கீழே நிற்பவரின் கண், மணையில் இருப்பவர்களின் முகத்துக்கு ஏறக்குறைய நேராக வந்துவிடும். பழத்தட்டுகளுக்கும் குத்துவிளக்குக்கும் இடையில் ஒரு சந்தைத் தேடி வைத்துக்கொள்வது அவர் வேலை.

இரண்டு பாடி ஏன் என்று இதற்குள் புரிந்திருக்கும். மேடையில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். மேலேயிருந்து மஞ்சள் அரிசி விழுகிறது, பக்கத்தில் ஹோமச் சாம்பல் பறக்கிறது, கை வியர்த்திருக்கிறது. சென்சாரில் ஒரு துளி மஞ்சள் பொடி ஒட்டினால் அன்றைய எல்லாப் படத்திலும் அது இருக்கும்.

ஹோமம் என்றதும் புகை. புகை உள்ள இடத்தில் தூரத்து லென்ஸ் தோற்றுப்போகும். முப்பதடியிலிருந்து எடுத்தால் இடையிலிருக்கும் புகை முழுவதையும் ஊடுருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னாலிருந்து வீடியோ விளக்கு அடித்தால் படமே பால் கொட்டியதுபோல வெளுக்கும். கிட்டே போய் 35இல் எடுத்தால் புகை முகத்துக்குப் பின்னால் போய், படத்துக்கு அழகு சேர்க்கும். இன்னொன்று: லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்காக மாட்டும் யூவி பில்டர். குத்துவிளக்கும் ஹோமத் தீயும் எதிரில் இருக்கும்போது அந்தத் தட்டைக் கண்ணாடி தீச்சுடரைப் பிரதிபலித்து, இருட்டான இடத்தில் இல்லாத இரண்டு மூன்று சுடர்களைக் காட்டும். விளக்குப் படங்களுக்கு பில்டரைக் கழற்றிவிட்டு ஹூட் மட்டும் போடுங்கள்.

மணமகள் அறையில் நிலைமை முற்றிலும் வேறு. பல மண்டபங்களில் அது பத்துக்குப் பத்து அறைதான். ஒரு கட்டில், ஒரு பீரோ, கண்ணாடியைச் சுற்றி விளக்குகள், அழகுநிலையப் பெண்கள் இருவர், நகைப்பெட்டியைக் காவல் காக்கும் அத்தை, வந்து போகும் தோழிகள். அங்கே 70-200ஐ எடுத்து நீட்டினால் எல்லோரும் இறுகிப்போவார்கள். 35ஐ வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நில்லுங்கள், கண்ணாடிக்குள் தெரியும் முகத்தையும் இந்தப் பக்க முகத்தையும் ஒரே படத்தில் கொண்டுவரலாம். ஜன்னல் இருந்தால் 85ஐ 1.8இல் திறந்து, ஜிமிக்கி மாட்டும் கையையும் கன்னத்தையும் எடுங்கள். நான் முழுதாகத் திறந்து எடுப்பது இங்கேதான். இங்கே ஒரு கண் தெளிவாக இருந்தால் போதும். இந்த அறையில் பெண் போட்டோகிராபர் ஒருவர் இருப்பது மிக நல்லது. எந்த லென்ஸும் தர முடியாத இயல்பு அப்போது வருகிறது.

மற்ற சடங்குகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை அழைப்பு ராத்திரித் தெருவில், சீரியல் செட் வெளிச்சத்தில் நடக்கும்; 35 ப்ரைமை 1.8இல் வையுங்கள், நாதஸ்வரக்காரரின் கன்னத்துக்குப் பக்கவாட்டில் 85. காசி யாத்திரையில் குடையும் கைத்தடியும் நடையும் என்று எல்லாம் நகர்வதால் 24-70 வசதி. ஊஞ்சலில் நேர் எதிரே நிற்காதீர்கள். ஆடும் ஊஞ்சல் நம்மை நோக்கி வந்து வந்து போவதால் ஃபோகஸ் அலையும். பக்கவாட்டில் நின்றால் தூரம் மாறாது. சாதம் சுற்றிப் போடும் பெண்களின் கைகளும் சேர்ந்து வரும். அம்மி மிதித்தலுக்குக் கேமராவைத் தரைக்கே கொண்டுபோங்கள், 50 அல்லது 85. மாப்பிள்ளை மெட்டி போடும்போது அவர் முகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால்விரலை மட்டும் எடுத்தால் அது யார் கல்யாணத்திலும் எடுத்த படமாகிவிடும்.

நகை, தாலி, மருதாணி ஆகியவற்றுக்கு மேக்ரோ லென்ஸ் கட்டாயமா என்று கேட்பீர்கள். இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. 50 லென்ஸுக்குப் பின்னால் 12 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டினால் பொருளின் உண்மை அளவில் கிட்டத்தட்ட பாதி அளவுக்கு சென்சாரில் விழும். ஆல்பத்துக்கு அது போதும். மேக்ரோவின் எடையை விடக் கையளவு டியூப் இலகுவானது.

குடும்பப் படத்துக்கு வருவோம். இதில் நம் தொழிலில் நிறைய அநியாயம் நடக்கிறது என்பது என் வருத்தம். இருபது பேரை வரிசையாக நிறுத்திவிட்டு, பின்னால் போக இடமில்லை என்று 16ஐ மாட்டிக் க்ளிக் செய்கிறோம். வைடு லென்ஸ் ஓரத்தில் இருப்பதை அகலமாக இழுக்கும். 24 மி.மீ. லென்ஸில் இடது வலது ஓரத்தில் நிற்பவரின் தலை கால் பங்கு அதிகமாக அகலமாகும். 16இல் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். 35இல் எட்டில் ஒரு பங்குதான், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. குடும்ப வரிசையில் ஓரத்தில் நிற்பவர்கள் யார்? நடுவில் வரக் கூச்சப்படும் பெரியம்மா, ஒன்றுவிட்ட அண்ணன், ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த மாமா. அவர்கள் வருடத்துக்கு ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்களாக இருப்பார்கள். அவர்கள் முகத்தைக் கெடுத்துக் கொடுக்கக் கூடாது. மேடையை விட்டு இறங்கி, முன்வரிசை நாற்காலிகளை இரண்டு நிமிடம் நகர்த்தச் சொல்லி, பதினாறடி தள்ளி நின்று 35இல் எடுங்கள். பதினாறடி அகலத்தில் பத்துப் பேர் தோளோடு தோள் நிற்கலாம். கூடுதலாக இருந்தால் இரண்டு வரிசை, மூத்தவர்களுக்கு நாற்காலி. 24ஐத் தவிர்க்க முடியாத சிறு மண்டபம் என்றால் இரண்டு பக்கமும் ஓர் ஆள் அளவு காலி விட்டு எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

24க்கு நியாயமான வேலை ஒன்று உண்டு. 12க்கு 36 அங்குல ஆல்பத் தாளில் முழு மண்டபமும் விரியும் ஒரு படம் வேண்டும்: தோரணம், கூட்டம், மேடை, அட்சதைக் கைகள். மாடியில் பால்கனி இருந்தால் அங்கிருந்து எடுங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தாளின் மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கல்யாணமும் மண்டபத்தில் நடப்பதில்லை. வடபழனி, திருப்பரங்குன்றம் போன்ற கோயில்களில் முகூர்த்த நாளில் பக்கத்துப் பக்கத்தில் பல ஜோடிகள் நிற்பார்கள். நாலைந்தடிதான் கிடைக்கும், கேமராவை எங்கே அனுமதிப்பார்கள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே 24-70 ஒன்றோடு இலகுவாகப் போவதே சரி. தேவாலயத்தில் இதற்கு நேர்மாறு. பீடத்துக்கு அருகில் போக வேண்டாம் என்று பாதிரியார் சொன்னால் அதை மதித்து நடுப்பாதையிலேயே நிற்க வேண்டும். 70-200 எஃப்/2.8 இல்லாமல் அங்கே போகக் கூடாது. ஷட்டர் சத்தம் எழாமல் இருப்பதும் முக்கியம். ஜெபத்தின்போது எழும் ஒவ்வொரு க்ளிக்கும் கடைசி வரிசை வரை கேட்கும். நிக்காஹ்வில் எல்லோரும் தரையில் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். ஹஜரத்துக்கு எதிரே, மாப்பிள்ளையின் வரிசையில் நாமும் உட்கார்ந்து 35இல் எடுத்தால் கையெழுத்திடும் கையும் சாட்சிகளின் முகமும் கிடைக்கும். பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபரை அனுப்புவது மரியாதை.

சுயமரியாதைத் திருமணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சட்டத்திருத்தத்தால் அது சட்டப்படி செல்லும் திருமணமானது. புரோகிதர் இல்லை, தீ இல்லை, புகை இல்லை. மாலை மாற்றுவது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், வாழ்த்துரைகள் இரண்டு மணி நேரம் நடக்கும். புதிதாகப் போகிறவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தை ஓய்வாக நினைத்துவிடுகிறார்கள். பேச்சைக் கேட்டுச் சிரிக்கும், கலங்கும், பெருமிதப்படும் பெற்றோர் முகங்கள்தான் அந்தக் கல்யாணத்தின் படங்கள். மேடையின் பக்கவாட்டிலிருந்து 70-200ஐ வைத்துப் பொறுமையாக உட்காருங்கள்.

ஆக, பொதுவான ஒரு மண்டபக் கல்யாணத்துக்கு என் பையில் இருப்பது: ஒரு பாடியில் 35 அல்லது 24-70 எஃப்/2.8, இன்னொரு பாடியில் 85 எஃப்/1.8, பெட்டியில் 70-200 எஃப்/2.8. வரவேற்பு மேடையில் மணிக்கணக்கில் வரிசை நகரும்போது 24-70தான் உழைக்கும். மீன்கண் லென்ஸையும் 14ஐயும் 135ஐயும் வீட்டில் வைத்துவிடுங்கள். 135 அருமையான லென்ஸ்தான், ஆனால் 85க்கும் 200க்கும் இடையில் அதற்கு மேடையில் இடமில்லை. எடையையும் யோசியுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஆரம்பித்துப் பந்தி முடியும் வரை தூக்கப் போகிறோம். கேனனின் பழைய ஈஎஃப் 70-200 எஃப்/2.8 மூன்றாம் பதிப்பு 1,480 கிராம். மிரர்லெஸ்ஸுக்கான புதியது 1,070 கிராம். நாள் முடிவில் அந்த வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும். கை களைத்தால் முதலில் குறைவது பொறுமை. அதன் பிறகு படம் கெடும்.

ஜூமா ப்ரைமா என்ற வாதத்தில் நான் நேரம் செலவழிக்க விரும்பவில்லை. 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமராவுக்கான முதல் ஜூமான போக்ட்லாண்டர் ஜூமார் 1959இல் வந்தது, 36-82, எஃப்/2.8. அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓடுகிறது. எஃப்/2.8க்கும் 1.4க்கும் இடையில் நாலு மடங்கு வெளிச்ச வித்தியாசம். இருட்டுத் தெருவிலும் மணமகள் அறையிலும் அது பேசும், விளக்குகள் நிறைந்த மேடையில் அவ்வளவாகப் பேசாது.

ஒரே பாடி மட்டும் வைத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: வெட்கப்பட ஒன்றுமில்லை. க்ராப் பாடி என்றால் 17-50 எஃப்/2.8, ஃபுல் ஃப்ரேம் என்றால் 24-70 அல்லது டாம்ரானின் 28-75 எஃப்/2.8. கூடவே ஒரு 50 எஃப்/1.8, கேனனின் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் 160 கிராம்தான், சட்டைப் பையில் வைக்கலாம். முகூர்த்தத்துக்கு ஜூம், மணமகள் அறைக்கு 50. இதைக் கொண்டு முழுக் கல்யாணத்தையும் நிறைவாக எடுக்கலாம். 70-200ஐ முதல் ஆண்டே கடன் வாங்கி வாங்காதீர்கள், தேவாலய ஆர்டர் வந்தால் வாடகைக்கு எடுங்கள். வாடகை லென்ஸைக் கல்யாணத்தன்று காலையில் பையிலிருந்து முதன்முறையாக எடுக்கக் கூடாது. இரண்டு நாள் முன்னதாக வாங்கி, வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, அதே தூரத்தில், முழுதாகத் திறந்து எடுத்து ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாகச் சில பராமரிப்பு விஷயங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் கண்ணாடி உடனே வியர்த்துவிடும். மணமகள் அறையில் எடுத்து முடித்ததும் கேமராவைப் பைக்குள் வைத்து மூடி, வெளியே கொண்டுவந்து கால் மணி நேரம் விட்டுத் திறந்தால் இந்தத் தொல்லை இருக்காது. துடைத்துத் துடைத்துப் பயனில்லை, மறுபடி வியர்க்கும். வாசலில் பன்னீர் தெளிப்பவர்களைக் கடக்கும்போது மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஈரப் பையோடு அலமாரியில் தள்ளாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா போதும்.

இந்த மேடையின் நடுவில் இரண்டு மணைகளைப் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பாடியும் நான் சொன்ன லென்ஸ்களும் மேசையில் இருக்கின்றன. இருவர் மணையில் உட்காருங்கள், ஒருவர் நாத்தனாராக நில்லுங்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக மேலே வந்து, அவரவர் இடத்தைத் தேடி உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். கேள்விகளை அப்போதே கேளுங்கள், நானும் உங்களோடு தரையில்தான் இருப்பேன்.